பழைய ஸ்ப்ளெண்டருக்குப் புது டயர் போட்டதிலிருந்து வண்டி குதிக்கிறது, காற்றும் நிற்கவில்லை. உதவுங்கள்

செக்கானூரணி ஸ்ப்ளெண்டர்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா 2004-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டரை இப்போது நான் ஓட்டுகிறேன். தினமும் செக்கானூரணியிலிருந்து நாகமலை புதுக்கோட்டை வழியாகக் காளவாசல் வரை வேலைக்குப் போய் வர வேண்டும். பழைய டயர் இரண்டும் வழுக்கையாகிவிட்டன, பின் டயரில் பக்கவாட்டில் வெடிப்பும் விட்டிருந்தது. அதனால் போன சனிக்கிழமை மதுரையில் ஒரு கடையில் இரண்டு டயர், இரண்டு டியூப் எல்லாம் புதிதாக மாற்றினேன். முன்னால் பழைய சைஸே 2.75-18, பின்னால் கடைக்காரர் சொன்னதைக் கேட்டு 3.00-18. கடையில் நல்ல கூட்டம், முக்கால் மணி நேரத்தில் இரண்டு சக்கரத்தையும் கழற்றி மாட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து நிம்மதி இல்லை. பைபாஸ் ரோட்டில் கொஞ்சம் வேகம் எடுத்தால் பின்னால் குதி குதி என்று குதிக்கிறது. என்ன வேகத்தில் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் ஸ்பீடோமீட்டர் முள்ளும் அன்றிலிருந்து ஏறவில்லை, என்ஜின் சத்தத்தை வைத்து 45 இருக்கும் என்கிறேன். ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறையும்போது ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் நடுங்குகிறது. பின் பிரேக்கை மிதித்தால் ஒவ்வொரு தடவையும் 'டக்' என்று ஒரு சத்தம். பின் டயரில் காற்று இரண்டு நாள்கூட நிற்பதில்லை, வால்வும் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. கடையில் போய்க் கேட்டால் "பழைய வண்டி அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்கிறார்கள். டயரே மட்டமானதா, இல்லை பின்னால் சைஸ் கூட்டியது தப்பா?

நாகமலை மெக்கானிக்:
தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். அந்த 'டக்' என்னவென்று பார்க்காமல் வண்டியை வாசலைத் தாண்டி எடுக்காதீர்கள். பின் டிரம்முக்கு மூடி மாதிரி இருக்கும் பிரேக் பிளேட்டிலிருந்து, பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு ஒரு இரும்புப் பட்டை போகும், பிரேக் பிடிக்கும்போது பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் இழுத்துப் பிடிப்பது அதுதான். சக்கரத்தைக் கழற்ற அந்தப் பட்டையின் நட்டைக் கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்டும்போது சரியாக முறுக்காமல் விட்டால் பிளேட் கொஞ்சம் திரும்பி இடிக்கும், அதுதான் உங்களுக்குக் கேட்கிற சத்தமாக இருக்க வேண்டும். நட்டு கழன்றே விழுந்துவிட்டால் அடுத்த தடவை பிரேக்கை மிதிக்கும்போது பிளேட் சுற்றி, பிரேக் ராடு மடங்கி, சக்கரம் அப்படியே பிடித்துக்கொள்ளும். பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நட்டும், அது கழலாமல் ஓட்டையில் செருகிப் பூட்டுகிற சின்னக் கம்பிப் பின்னும் (pin) இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். முன் சக்கரத்திலும் பிரேக் பிளேட்டில் இருக்கும் பள்ளம் ஃபோர்க்கில் இருக்கும் முட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், அதையும் பாருங்கள்.

செக்கானூரணி ஸ்ப்ளெண்டர்:
அண்ணே, கை நடுங்குகிறது. நட்டு இருக்கிறது, ஆனால் விரலாலேயே சுற்ற வருகிறது. கம்பிப் பின் இல்லை, ஓட்டை காலியாக இருக்கிறது. நேற்றுதான் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்தேன். முன்பக்கம் நீங்கள் சொன்ன முட்டு சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. புதுக் கம்பிப் பின் வாங்கிப் போடும் வரை வண்டியைத் தொடப் போவதில்லை.

மேலூர் பஞ்சர் கடை வீட்டுப் பெண்:
தம்பி, டயரைக் குறை சொல்வதற்கு முன்னால் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும், அதைப் படித்துச் சொல்லுங்கள். 1823 என்று இருந்தால் 2023-ஆம் வருஷத்தின் 18-ஆவது வாரம் தயாரித்தது என்று அர்த்தம். எங்கள் ஊர்ப் பக்கம் வெள்ளரிப்பட்டியில் டயர் தொழிற்சாலை இருப்பதால் அங்கே வேலை பார்க்கிறவர்கள் அப்பா கடைக்கு வருவார்கள், அவர்கள் சொல்லித்தான் எனக்கு இது தெரியும். கடையில் வருஷக்கணக்கில் கிடந்த டயர் என்றால் ரப்பர் இறுகிப் போயிருக்கும். அதோடு அம்புக்குறி இருந்தால் சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் பக்கமாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

குதிப்பதற்கு என் கணக்கு வேறு. டயரில் ரிம்மை ஒட்டி, சுற்றிலும் மெல்லிய கோடு ஒன்று மேடாக ஓடும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே அந்தக் கோட்டையும் ரிம் விளிம்பையும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும். எங்காவது கோடு உள்ளே மறைந்து போனால் அந்த இடத்தில் டயர் ரிம்மில் ஏறி உட்காரவில்லை. வேறு எதையும் பார்க்க வேண்டாம், குதிப்பது அதனால்தான்.

செக்கானூரணி ஸ்ப்ளெண்டர்:
அக்கா, தேதி பிரச்சினை இல்லை, இரண்டு டயரும் இந்த வருஷம் தயாரித்தவைதான். அம்புக்குறியும் சரி. ஆனால் கோடு நீங்கள் சொன்ன மாதிரியே இருக்கிறது. பின் டயரில் செயின் பக்கம் சுற்றிலும் ஒழுங்காகத் தெரிகிறது, பிரேக் பக்கம் வால்வுக்கு நேராக ஒரு சாண் தூரத்துக்குக் கோட்டையே காணோம். சக்கரத்தைச் சுற்றிவிட்டு டயரை ஒட்டி ஒரு குச்சியை வைத்துப் பார்த்தேன், அந்த இடம் வரும்போது மட்டும் ஒரு விரல் நுழைகிற அளவு பள்ளம் விழுகிறது.

மேலூர் பஞ்சர் கடை வீட்டுப் பெண்:
அப்படியென்றால் டயரை முழுதாகக் கழற்றிவிடுங்கள், காற்று இறங்குவதற்கும் காரணம் உள்ளே தெரிந்துவிடும். 20 வருஷ வண்டி என்பதால் ரிம்முக்கு உள்ளே ஸ்போக்ஸ் தலைகளை மூடியிருக்கும் ரப்பர் பட்டையை அவசியம் பாருங்கள். அது மக்கிப் போயிருந்தால் ஸ்போக்ஸ் நுனி டியூப்பைக் குத்தும். புதுப் பட்டை வாங்கிக்கொண்டே கடைக்குப் போங்கள். மாட்டும்போது ரிம் ஓரத்திலும் டயர் விளிம்பிலும் சோப்புத் தண்ணீர் நன்றாகத் தடவச் சொல்லுங்கள். டியூப்பில் லேசாகக் காற்றைக் கொடுத்துவிட்டு உள்ளே வைத்தால் மடங்காது, லிவரில் சிக்கவும் செய்யாது. வால்வு நேராக நிற்க வேண்டும், சாய்ந்தால் டியூப் உள்ளே முறுக்கிக்கொண்டது என்று பொருள். அப்புறம் டயரில் எழுதியிருக்கும் அதிகபட்ச அழுத்தத்தைத் தாண்டாமல் காற்றை ஏற்றினால் 'டப்' என்று விளிம்பு ஏறி உட்காரும். உட்காராவிட்டால் காற்றை முழுதும் இறக்கி, மறுபடியும் சோப்புத் தண்ணீர் போட்டு, திரும்ப ஏற்ற வேண்டும். கோடு சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காற்றைக் குறையுங்கள். தனியாக ஓட்டுவதற்கு முன்னால் 25, பின்னால் 28 பிஎஸ்ஐ போதும், பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

திருமங்கலம் பழைய வண்டி:
3.00-18 பற்றிக் கவலை வேண்டாம், என் ஸ்ப்ளெண்டரில் ஆறு வருஷமாக அதுதான் ஓடுகிறது, எங்கும் உரசவில்லை. ஆனால் பின் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் நேராக நிற்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். செயின் அட்ஜஸ்டரில் இரண்டு பக்கமும் கோடுகள் இருக்கும், இரண்டிலும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பழைய வண்டியில் அந்தக் கோட்டை மட்டும் நம்ப முடியாது, அதனால் நான் கொத்தனார் நூலை வைத்துப் பார்ப்பேன். பின் டயரின் பின்புறத்தில் நூலைச் சுற்றி, இரண்டு முனையையும் இரண்டு பக்கமாக முன் சக்கரம் வரை இழுத்து, பின் டயரின் முன் ஓரத்தில் நூல் லேசாகத் தொடும்படி பிடிக்க வேண்டும். ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சக்கரம் நேர். பின் டயர் அகலம் என்பதால் இடைவெளி இருக்கத்தான் செய்யும், சமமாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. செயின் தளர்வு ஒரு அங்குலம் போல இருக்கட்டும்.

ஸ்பீடோமீட்டருக்கு முன் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பல்சக்கரத்தைச் சுற்ற வைக்கும் வளையத்துக்கு இரண்டு காது இருக்கும், அது ஹப்பின் பள்ளத்தில் உட்காராமலே ஆக்சிலை முறுக்கினால் காது நசுங்கிவிடும்.

செக்கானூரணி ஸ்ப்ளெண்டர்:
ஞாயிற்றுக்கிழமை பூராவும் இதே வேலைதான். இந்தத் தடவை வேறு கடை, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அக்கா சொன்னது அப்படியே நடந்தது. ரப்பர் பட்டை பாதிதான் மிச்சம், அதுவும் தொட்டால் உதிர்கிறது. ஒரு ஸ்போக்ஸ் நுனி, அதை ரிம்மில் முறுக்கிப் பிடிக்கும் நிப்பிளைத் தாண்டி நெல்மணி அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, டியூப்பில் அதே இடத்தில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை. கடைக்காரர் நுனியை அரத்தால் தேய்த்து, புதுப் பட்டை சுற்றி, டியூப்பை ஒட்டி மாட்டினார். மூன்றாவது தடவை காற்று ஏற்றியபோதுதான் டயர் உட்கார்ந்தது. செயின் பக்கக் கோடு இரண்டு கோடு வித்தியாசத்தில் இருந்தது, நூல் வைத்துச் சரி செய்தோம். ஸ்பீடோ வளையத்தில் இரண்டு காதும் நசுங்கியிருந்தன, சிம்மக்கல்லில் புதிது வாங்கிப் போட்டாயிற்று. பிரேக் பிளேட் பட்டையின் நட்டுக்குப் புதுக் கம்பிப் பின், 'டக்' சத்தம் போய்விட்டது, குதிப்பதும் இல்லை.

ஆனால் வேகம் குறையும்போது வரும் நடுக்கம் பாதிதான் குறைந்திருக்கிறது. 40-லிருந்து 30-க்கு இறங்கும்போது இன்னும் வருகிறது.

நாகமலை மெக்கானிக்:
சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லி முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டில்பாரை ஒரு விரலால் மெதுவாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்புங்கள். நடுவில் வரும்போது பள்ளத்தில் விழுந்த மாதிரி நிற்கிறதா?

செக்கானூரணி ஸ்ப்ளெண்டர்:
ஆமாம் அண்ணே, நட்ட நடுவில் நின்றுகொள்கிறது.

நாகமலை மெக்கானிக்:
அப்படியென்றால் கோன்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் கழுத்தில் இருக்கும் குண்டு பேரிங், போய்விட்டது. இத்தனை வருஷம் நேராகவே ஓடி, குண்டுகள் ஒரே இடத்தில் இடித்து இடித்துப் பள்ளம் போட்டிருக்கும். பழைய டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருந்ததால் உங்களுக்குத் தெரியவில்லை, புது டயர் உருண்டையாக இருப்பதால் சட்டென்று திரும்புகிறது, அதனால் இப்போது தெரிகிறது. முழு செட்டாக மாற்றுங்கள், குண்டை மட்டும் மாற்றினால் பயனில்லை. கிரீஸ் நிறையப் போடச் சொல்லுங்கள். முறுக்கியபின் ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் தானாக விழ வேண்டும், ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டமும் இருக்கக் கூடாது. இன்னொன்று, புது டயர் முதல் 150 கிலோமீட்டர் வழுக்கும், வளைவில் சாய்க்காதீர்கள், மழை பெய்தால் இன்னும் கவனம்.

செக்கானூரணி ஸ்ப்ளெண்டர்:
புதன்கிழமை கோன்செட் மாற்றினேன். இன்று காலை காளவாசல் வரை 50-இல் போய், ஆக்சிலேட்டரை விட்டுப் பார்த்தேன், ஹேண்டில்பார் அசையவே இல்லை. சாயங்காலம் அம்மாவைக் கூட்டிப் போக வேண்டும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் காற்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை வைத்த 28 அப்படியே இருக்கிறது.