புதுப் போன் திரை பாதி பச்சையடிக்கிறது, கடையில் "இப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள்

வணக்கம். மூன்று வாரத்துக்கு முன் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடையில் அம்மாவுக்குப் போன் வாங்கினேன். ஓலெட் திரை, 1,100 வெள்ளி. பகலில் ஒரு குறையும் தெரியவில்லை. இரவில் வெளிச்சத்தைக் குறைத்தால், சாம்பல் நிறம் வருகிற இடமெல்லாம் இடது பாதி பச்சையாகிறது. ஊரிலிருந்து அனுப்பிய பேத்தியின் படத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று அம்மா பதறிவிட்டார். ரீசெட் செய்தும் போகவில்லை. கடைக்காரர், "ஓலெட்னா அப்படித்தான், சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு போனுக்கு அனுப்பிப் பாருங்கள். அங்கே பச்சை இல்லையென்றால் படத்தில் கோளாறு இல்லை. இரவில் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட் மாதிரி வடிகட்டியும் ஸ்கிரீன்ஷாட்டில் பெரும்பாலும் பதியாதுதான். ஆனால் அது முழுத்திரையையும் ஒரே மாதிரி மாற்றும். பாதி மட்டும் மாறினால் பேனல்மீதுதான், அதாவது திரைப் பாகத்தின்மீதுதான், என் சந்தேகம். ஓலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. வெளிச்சம் குறையும்போது அதற்குப் போகும் மின்னோட்டமும் மிகச் சிறிதாகிவிடும். அப்போது புள்ளிக்குப் புள்ளி இருக்கிற நுண்ணிய வித்தியாசம்கூடக் கண்ணுக்குத் தெரியும். போனைச் சாய்த்தால் நிறம் லேசாக மாறுவது இயல்பு. நேராகப் பார்க்கும்போதே பாதி பச்சை என்றால், அதை இயல்பு என்று நான் ஏற்க மாட்டேன்.

பதில்: அப்டேட்டும் பாருங்க தம்பி. 2017ல் கேலக்ஸி எஸ்8 திரை சிவப்பாகத் தெரியுதுன்னு புகார் வந்தப்போ, சாம்சங் நிறத்தைச் சரிசெய்ய அப்டேட்தான் விட்டது. ஆனா அது முழுத்திரைக்கு. உங்களுடையது பாதி.

பதில்: சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டாம், விற்ற கடைதான் பொறுப்பு. லெமன் லா என்று சொல்வார்களே, குறையுள்ள பொருளை வாங்கியவருக்கான சட்டம், அது 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர். முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள் கேளுங்கள். நியாயமான காலத்துக்குள் அது நடக்காவிட்டால் விலைக்குறைப்போ பணமோ கேட்கலாம். மசியாவிட்டால் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, அதற்கு மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கேட்டவர்: எல்லாருக்கும் நன்றி. ஸ்கிரீன்ஷாட்டில் பச்சை இல்லை. நேற்று வேலை முடிந்து, ரசீதோடு கடைக்குப் போனேன். அதே மாடல் காட்சிப் போனையும் இதையும் பக்கத்தில் வைத்து, ஒரே சாம்பல் படத்தைக் குறைந்த வெளிச்சத்தில் காட்டினேன். கடைக்காரர் கொஞ்ச நேரம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு புதுப் பெட்டி எடுத்து வந்தார். அங்கேயே பிரித்து, மேசைக்கு அடியில் இருட்டில் வைத்து அதே படத்தைப் பார்த்த பிறகுதான் கிளம்பினேன். பேத்தி படம் இப்போது சரியாகத் தெரிகிறது என்கிறார் அம்மா.