நேராக இறங்கும் குன்றுப் பாதை அரிக்கிறது: பழையதைச் சரிசெய்வதா, புதுத் தடம் போடுவதா?

குன்றடி (கேள்வி):

வணக்கம். நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் பொதுவாக ஒரு குன்றுப் பாதை அமைக்கும் வேலையை எங்கள் அறக்கட்டளை எடுத்திருக்கிறது. எல்லாரும் தன்னார்வலர்கள், இயந்திரம் கிடையாது. இப்போதுள்ள ஒற்றையடிப்பாதை உச்சியிலிருந்து நேராக இறங்குகிறது. நீளம் ஏறக்குறைய 480 மீட்டர், உயர வித்தியாசம் 120 மீட்டர். நடுப்பகுதியில் மழைநீர் அரித்து 40 செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம். அதைத் தவிர்க்க ஆட்கள் இரண்டு ஓரமும் மிதித்து, பாதை 3 மீட்டர் அகலத்துக்குப் பரந்துவிட்டது.

10 மீட்டருக்கு ஒரு குறுக்குக் கட்டை பதித்து நீரைத் திருப்பலாம் என்று எங்களில் சிலர் சொல்கிறார்கள். அது போதுமா, அல்லது புதுத் தடமே வேண்டுமா? எவ்வளவு அகலம், எவ்வளவு ஏற்றம்? இன்னொன்று: நில உரிமையாளர் வாய்மொழியாகச் சம்மதித்திருக்கிறார். எழுத்தில் வாங்கும்போது எதையெல்லாம் சேர்க்க வேண்டும்?

சரிவுமானி:

120-ஐ 480-ஆல் வகுத்தால் 25 சதவீதம் ஏற்றம். ஏற்றத்தைவிடப் பெரிய கோளாறு, தடம் சரிவின் போக்கிலேயே இறங்குவது. உள்ளே புகுந்த நீருக்குப் பக்கவாட்டில் வெளியேற வழியில்லை. கீழே போகப் போக அளவும் வேகமும் கூடும். எத்தனை லோடு சரளை கொட்டினாலும் இதே கதைதான். புதுத் தடம் போடுங்கள்.

கணக்கு இப்படி. பாதையின் ஏற்றம், அது குறுக்கே கடக்கும் பக்கச் சரிவில் (அந்த இடத்தில் மலைப்பக்கத்தின் சரிவு) பாதியைத் தாண்டக் கூடாது. பக்கச் சரிவு 12 சதவீதம் என்றால் பாதை 6-க்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் நீர் பாதையைக் கடந்து போகாமல் பாதையிலேயே ஓடும். புதிதாக வருபவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த மென்சரிவில்தான், செங்குத்தான இடத்தில் அல்ல. பக்கச் சரிவு 40 என்றால் இந்த விதி 20 வரை விடும், ஆனால் மண் தாங்காது. மொத்தத் தடத்தின் சராசரி 10-க்குள் இருக்கட்டும். கெட்டியான மண்ணில் சிறு துண்டுகளுக்கு மட்டும் 15 வரை போகலாம்.

உங்கள் 120 மீட்டரை 8 சதவீதத்தில் ஏற 1.5 கி.மீ. வேண்டும். இடையிடையே இறக்கங்கள் வரப்போவதால் 1.7 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு நீளத்துக்கு மலைப்பக்கம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கொண்டை ஊசி வளைவு தவிர்க்க முடியாது. அது ஒவ்வொன்றும் தனி வேலை.

கோடு போட ஒரு கிளினோமீட்டரும் (சரிவை அளக்கும் கைக்கருவி) இரண்டு பேரும் போதும். சமதளத்தில் எதிரெதிரே நின்று, உங்கள் கண் மட்டம் அவர் உடம்பில் எங்கே படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எப்போதும் அந்த இடத்தையே பாருங்கள். பல கருவிகளில் உள்ளே இரண்டு அளவுகோல் இருக்கும்: ஒன்று பாகை, மற்றது சதவீதம். மாற்றிப் படித்தால் வேலை பாழ். 10 பாகை என்பது 17.6 சதவீதம், 10 சதவீதம் 6 பாகைகூட இல்லை.

முதலில் தொட்டே ஆக வேண்டிய இடங்களைக் குறியுங்கள்: ஓடையைக் கடக்க உறுதியான கரை, பாறை மேடை, கொண்டை ஊசிக்கு ஏற்ற மென்சரிவு. அடுத்து, தொடக் கூடாதவை: ஊற்று, சதுப்பு, பெரிய மரத்தின் வேர்வட்டம். தொட வேண்டியவற்றை இணைத்து, தொடக் கூடாதவற்றை விலக்கி, கோட்டைக் காட்டும் நாடா கட்டுங்கள். ஒவ்வொரு 10–15 மீட்டருக்கும், ஏறும் தடம் 3–4 மீட்டர் தூரத்துக்கு லேசாக இறங்கி மறுபடி ஏற வேண்டும். சேர்ந்த நீர் அந்தத் தாழ்வில் வெளியே போய்விடும். இதை நாடா கட்டும்போதே கோட்டில் சேருங்கள். வெட்டிய பிறகு சேர்ப்பது இரட்டிப்பு வேலை.

நாடா கட்டி முடித்ததும் இரண்டு திசையிலும் நடந்து பாருங்கள், நல்ல மழையில் ஒருமுறை. கோடு நன்றாக இருந்தால் கைவேலைப் பிசகுகளைப் பிறகு திருத்தலாம். மோசமான கோட்டை எந்தக் கைவேலையும் திருத்தாது.

மண்வெட்டி:

மேலே சொன்னதோடு முழு உடன்பாடு. அகலத்தைப் பற்றி யாரும் ஆரம்பத்திலேயே கணக்குப் போடுவதில்லை, அதைச் சொல்கிறேன்.

பக்கச் சரிவு 50 சதவீதம் என்று வைப்போம். நடைத்தளம் 60 செ.மீ., மேல்பக்க வெட்டை 45 பாகையில் சாய்த்து விடுகிறோம். ஒரு மீட்டர் நீளத்துக்கு எடுக்க வேண்டிய மண் ஏறக்குறைய 0.18 கன மீட்டர். அதே இடத்தில் 90 செ.மீ. தளம் வேண்டுமென்றால் 0.4 கன மீட்டர், அதாவது 600 கிலோவுக்கு மேல். அகலம் ஒன்றரை மடங்குதான், மண் இரண்டேகால் மடங்கு! கூட்டத்தில் "இன்னும் கொஞ்சம் அகலமா இருக்கட்டும்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். எதிரெதிரே வருபவர்கள் ஒதுங்க, பார்வைக்கு எட்டும் தூரத்தில் ஆங்காங்கே அகலப்படுத்தினால் போதும்.

வெட்டும்போது தளம் முழுவதும் வெட்டிய தாய்மண்ணிலேயே (கலையாத அடிமண்) நிற்க வேண்டும். பாதி வெட்டி, அந்த மண்ணையே வெளிப்பக்கம் கொட்டிப் பாதியை நிரப்பினால் வேலை சீக்கிரம் முடியும். முதல் மழைக்காலத்தில் வெளி ஓரம் இறங்கிவிடும். ஓரம் சரிந்தால் ஆட்கள் உள்பக்கம் ஒதுங்கி நடப்பார்கள், தடம் குழியும்.

மேலே கிடக்கும் சருகு, மக்கு, சிறு வேர் எல்லாவற்றையும் நீக்கித் தாய்மண் தெரிந்த பிறகுதான் தளம். மக்கு கலந்த மண் நீரை உறிஞ்சிச் சேறாகும். வாரிய சருகைக் கொட்டிவிடாதீர்கள், மேல்வெட்டை மூட அது வேண்டும். குறுக்கே வரும் வேரை அறுத்து எடுக்கலாம். ஆனால் பெருவிரலைவிடத் தடித்த வேர்கள் அடுத்தடுத்து வந்தால் கோடு மரத்துக்கு மிக அருகே போகிறது என்று பொருள்.

தளத்துக்கு வெளிப்பக்கமாக 5 சதவீதம் சாய்வு கொடுங்கள். 60 செ.மீ. ரசமட்டத்தைக் குறுக்கே வைத்து, வெளி முனையின் அடியில் 3 செ.மீ. கட்டை சொருகினால் குமிழ் நடுவில் நிற்க வேண்டும். கண்ணளவை நம்பாதீர்கள், சரிவில் நிற்கும்போது மட்டமான தளமே வெளிப்பக்கம் சாய்ந்தது போலத் தெரியும். வெட்டிய மண்ணைச் சரிவில் தூர வீசிப் பரப்புங்கள். வெளி ஓரத்தில் வரப்பு மாதிரி விட்டால் அதுவே நீரைத் தடுத்துப் பாதையை வாய்க்காலாக்கும்.

பிக்காசு, மண்வெட்டி, கடப்பாரை, அகலப் பல் வாரி, மண்ணை இடித்து இறுக்க ஒரு திமிசுக் கட்டை, கை ரம்பம். ஆளுக்கு ஆள் 3 மீட்டர் இடைவெளி, பிக்காசு வீசுபவருக்கு இன்னும் அதிகம். மண் ஈரப்பதமாக இருக்கும்போது வேலையை வையுங்கள். புழுதியாக இருந்தால் திமிசு போட்டாலும் இறுகாது.

நீர்வழி:

குறுக்குக் கட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கட்டைக்கு மேல்பக்கம் நீர் வேகம் குறைந்து வண்டல் படியும், படிந்தால் நிரம்பும், நிரம்பினால் அடுத்த மழை கட்டையின் மேலேயே தாவும். கீழ்ப்பக்கம் குழி விழும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வாரிக்கொண்டே இருக்க ஆள் வேண்டும். ஈரக் கட்டையில் சைக்கிள் சக்கரம் சறுக்குவது வேறு. 25 சதவீதத்தில் 10 மீட்டருக்கு ஒன்று என்றால் கிட்டத்தட்ட 48 கட்டை. யார் வாருவது?

மண்வெட்டி சொன்ன வெளிச்சாய்விலும் ஓர் எச்சரிக்கை. அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மிதிபட மிதிபட நடு குழிந்து சாய்வு ஓரிரு பருவத்தில் போய்விடும். போன பிறகும் நீரை வெளியேற்றுவது சரிவுமானி சொன்ன அந்தச் சிறு இறக்கங்கள்தான். அவற்றின் வாய் அகலமாக, குறைந்தது ஒரு மீட்டருக்கு, வரப்பு இல்லாமல் இருக்கட்டும்.

பழைய பாதையை மூடாமல் புதியதைத் திறந்தால் ஆட்கள் நேரான வழியில்தான் போவார்கள். பலகை வைத்தால் போதாது. பள்ளத்தில் குறுக்கே கல் தடுப்பு கட்டுங்கள்: கீழ்த் தடுப்பின் உச்சி, மேல் தடுப்பின் அடி மட்டத்துக்கு வர வேண்டும், நடுப்பகுதி ஓரங்களைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீர் ஓரத்தைச் சுற்றி அரித்துப் போகும். 40 செ.மீ. உயரத் தடுப்பு என்றால் 25 சதவீதச் சரிவில் 1.6 மீட்டருக்கு ஒன்று வரும். அது கட்டுப்படியாகாது. ஆழமான இடங்களில் மட்டும் நெருக்கமாகக் கட்டி, மற்ற இடங்களில் இறுகிய மண்ணைக் கொத்திக் கிளறி, அந்தச் சரிவிலேயே வளரும் செடியை நட்டு, சருகு பரப்புங்கள். நுழைவாயிலில் கண்ணுக்குத் தெரியும் தூரம் முழுவதும் காய்ந்த கிளைகளைச் செங்குத்தாக நட்டு மறையுங்கள். பாதை இருந்ததே தெரியாமல் இருக்க வேண்டும்.

வழியுரிமை:

அனுமதி பற்றி. வாய்மொழிச் சம்மதத்தில் மண்வெட்டியைத் தொடாதீர்கள். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும் அனுமதிக் கடிதம், குறிப்பிட்ட காலக் குத்தகை, நிலத்தோடு சேர்த்துப் பதிவாகும் வழியுரிமை என்று மூன்று நிலைகள் உண்டு. முதல் வகை நிலம் கைமாறினால் அநேகமாக அதோடு முடிந்தது. நீண்டகாலப் பாதைக்கு மூன்றாவதே சிறந்தது. உரிமையாளர் தயங்கினால் குத்தகையில் தொடங்குங்கள்.

ஒப்பந்தத்தில் வரைபடம் இருக்கட்டும், அதில் 60 செ.மீ. கோடு அல்ல, 6 முதல் 10 மீட்டர் அகலப் பட்டை. பாறையோ ஊற்றோ குறுக்கிட்டால் அதற்குள் தடத்தை நகர்த்தலாம், புது ஒப்புதல் தேவைப்படாது. பராமரிப்பு யார் பொறுப்பு, மரம் வெட்ட யாரைக் கேட்பது, சேற்றுக் காலத்தில் மூடும் அதிகாரம் யாருக்கு, யாராவது விழுந்து அடிபட்டால் காப்பீட்டில் உரிமையாளர் பெயரும் உண்டா, நீங்கள் விலகினால் நிலத்தை எந்த நிலையில் விட வேண்டும்: இவை ஐந்தும் இல்லாமல் கையெழுத்து வாங்காதீர்கள். பொறுப்பு பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அந்தப் பகுதியை மட்டும் ஒரு வழக்கறிஞர் பார்க்கட்டும்.

அதிகாரிகளிடம் போகும்போது "மக்களுக்கு இயற்கை அனுபவம்" என்று பேசுவதைவிடப் பராமரிப்பு அட்டவணையை நீட்டுங்கள். அவர்கள் பயப்படுவது, கட்டிவிட்டு ஓடிவிடுவீர்கள் என்பதற்குத்தான். அமெரிக்காவின் அப்பலாச்சியன் தடம் 1921-இல் முன்மொழியப்பட்டு 1937-இல் முழுமையானது. தன்னார்வக் குழுக்கள் துண்டு துண்டாகப் பொறுப்பேற்றுப் பராமரித்து வந்தன. 1984-இல் தேசியப் பூங்காத் துறை அன்றாட நிர்வாகத்தின் பெரும்பகுதியை அதன் தொண்டு அமைப்பிடமே ஒப்படைத்தது. அந்த நம்பிக்கைக்கு முன்னால் பல பத்தாண்டுப் பராமரிப்பு இருக்கிறது.

பாதையில் எத்தனை பேர் போகிறார்கள் என்ற எண்ணிக்கையும் கேட்பார்கள். அகச்சிவப்பு எண்ணும் கருவி வைத்தால், தோளோடு தோள் வரும் இருவரை ஒருவராகவும் போய்த் திரும்பும் ஒருவரை இருவராகவும் எண்ணும். சில மணி நேரம் கையால் எண்ணி ஒப்பிட்டுத் திருத்தக் காரணியைக் கண்டுபிடியுங்கள். ஆட்கள் நின்று பேசும் இடத்திலும், வெயிலில் சூடாகும் செடி அசையும் இடத்திலும் கருவியை வைக்காதீர்கள்.

குன்றடி:

எல்லாருக்கும் நன்றி. அளந்து பார்த்ததில் மலைப்பக்கத்தின் அகலம் போதவில்லை, இரண்டு கொண்டை ஊசி வளைவாவது வரும். சைக்கிளுக்கு அது ஒத்துவருமா?

சரிவுமானி:

வரும், இடம் சரியாக இருந்தால். பக்கச் சரிவு 15 சதவீதத்துக்குக் குறைவான இடத்தில் சுற்றி ஏறும் சாதாரண வளைவே போதும், 3 மீட்டர் ஆரம் கொடுங்கள். அதைவிடச் செங்குத்தான இடத்தில் கல்கட்டு வைத்து ஏறக்குறைய மட்டமான மேடை கட்டி, அதில் திருப்ப வேண்டும். மேல் கையின் (வளைவுக்கு மேலே உள்ள பாதைத் துண்டின்) நீர் மேடைக்குள் வராமல், மேல் கையை அங்கே உள்பக்கம் சாய்த்து மேடையின் பின்புறமாக வெளியேற்றுங்கள். வளைவுக்குச் சற்று முன்னால் ஒரு சிறு இறக்க-ஏற்றம் கட்டாயம்.

இரண்டு கைகளுக்கும் நடுவே குறுக்கு வழி விழாமல் இருக்க, வளைவைப் பெரிய பாறைக்கோ அடர்ந்த புதருக்கோ சுற்றிப் போடுங்கள். கீழே இறங்குபவருக்கு வளைவு வருமுன்னே அடுத்த கை கண்ணில் படக் கூடாது. சைக்கிள் வேகத்தைக் குறைக்க, வளைவுக்கு 10 மீட்டர் முன்பு இரண்டு பக்கமும் கல் வைத்து வழியை ஒடுக்குங்கள். வளைவின் நடுவில் வைத்தால் விழுவார்கள்.