ஷட்டர் கண்ணாடிகளுக்கான ரேடியோ இணைப்பு: ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பாக்கெட் அனுப்ப வேண்டுமா?

தரமணி_மாணவன்:
வணக்கம். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் 120 ஹெர்ட்ஸ் புரொஜெக்டரைக் கொண்டு, ஐந்து பேர் ஒரே சமயத்தில் பார்க்கக்கூடிய மெய்நிகர் அரங்கு ஒன்றை அமைத்து வருகிறோம். முப்பரிமாணப் படத்துக்காக இரு கண்களையும் மாறி மாறி மறைக்கும், அகச்சிவப்பில் இயங்கும் எல்சிடி ஷட்டர் கண்ணாடிகள், ஒருவர் திரும்பினாலோ மற்றவர் குறுக்கே நின்றாலோ ஒத்திசைவை இழந்துவிடுவதால், ரிச்சி தெருவில் வாங்கிய என்ஆர்எஃப்24எல்01 பிளஸ் ரேடியோ மாட்யூல்களுக்கு மாற முயல்கிறோம். 'இடது திற', 'வலது திற' என்று ஃபிரேம்தோறும் ஒரு பாக்கெட் அனுப்புகிறோம். ஆட்டோ அக்னாலெட்ஜ் (பாக்கெட் கிடைத்ததும் ரிசீவர் தானாக ஒப்புகை அனுப்பும் வசதி) இயங்குகிறது. ஒரு கண்ணாடி மட்டும் இருக்கையில் படம் தெளிவாக உள்ளது. இரண்டாவதைச் சேர்த்ததும் நடுங்குகிறது. எங்கே கோளாறு?

பழைய_சர்க்யூட்:
கோளாறு ஆட்டோ அக்னாலெட்ஜில்தான். ஒரே முகவரியில் கேட்கும் எல்லாக் கண்ணாடிகளும் ஒரே கணத்தில் ஒப்புகை அனுப்புவதால் அவை ஒன்றோடொன்று மோதுகின்றன; ஒப்புகை வரவில்லை என்று கருதும் டிரான்ஸ்மிட்டர் அதே பாக்கெட்டை மீண்டும் அனுப்புகிறது. அந்த இடைவெளி அமைப்பைப் பொறுத்து 250 மைக்ரோ விநாடி முதல் 4 மில்லி விநாடி வரை இருக்கலாம். ஒரு ஃபிரேமின் ஆயுளே 8.33 மில்லி விநாடி என்னும்போது, தாமதமாக வந்து சேரும் கட்டளையைவிட வராத கட்டளையே மேல்.

ஆகவே ஒப்புகையை அணைத்துவிடுங்கள். கட்டளைக்குப் பதிலாக நேரத்தை அனுப்புங்கள். ஃபிரேமின் தொடக்கத்திலிருந்து மாறாத இடைவெளியில் பாக்கெட் புறப்பட வேண்டும். கண்ணாடியிலுள்ள மைக்ரோகண்ட்ரோலர், பாக்கெட் வந்த கணத்தை இன்டரப்டில் (வந்தவுடன் உடனே இயங்கும் நிரல் பகுதியில்) குறித்துக்கொண்டு, தன் டைமரைச் சிறிது சிறிதாகத் திருத்தி, ஷட்டரைத் தானே இயக்க வேண்டும். இரு பக்கமும் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை) கிரிஸ்டல் கடிகாரம் என்றால், மிக மோசமான நிலையிலும் விநாடிக்கு 40 மைக்ரோ விநாடிதான் விலகும். ஒரு விநாடி முழுவதும் பாக்கெட்டே வராவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

இடம் வலம் மாறாமலிருக்க, கிராபிக்ஸ் கார்டில் மூன்று முனை வெசா ஸ்டீரியோ ஜாக் (எந்தக் கண்ணுக்கான படம் என்று சொல்லும் இணைப்பு) இருந்தால் அதிலிருந்தே சிக்னலை எடுங்கள். அங்கே உயர்நிலை என்றால் இடக்கண். எந்தக் கண் என்பதைப் பாக்கெட்டிலும் ஒரு பிட்டாக வையுங்கள்.

தரமணி_மாணவன்:
மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் பத்து ஃபிரேமுக்கு ஒரு பாக்கெட் போதுமா? கட்டிடம் முழுவதும் வைஃபை இருப்பதும் கவலையாக உள்ளது.

அடையாறு_ஆர்எஃப்:
தாராளமாகப் போதும், பேட்டரிக்கும் அதுவே நல்லது. 2 எம்பிபிஎஸ் வேகத்தில் ரிசீவர் ஏறக்குறைய 13.5 மில்லி ஆம்பியர் இழுக்கும். பொத்தான் பேட்டரி அதைத் தொடர்ந்து தாங்காது. அடுத்த பாக்கெட் எப்போது வரும் என்பது டைமருக்குத் தெரியுமாதலால், அந்த நேரத்தையொட்டி அரை மில்லி விநாடி மட்டும் ரிசீவரை விழிக்க வைத்தால், சராசரி மின்னோட்டம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

அலைவரிசையைப் பொறுத்தவரை, வைஃபையின் 11ஆம் சேனல் 2473 மெகாஹெர்ட்ஸ் அளவில் முடிகிறது. 2480இல் புளூடூத் லோ எனர்ஜியின் விளம்பரச் சேனல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே 2476ஐ முயன்று பாருங்கள். நிகழ்ச்சி நாளில் பார்வையாளர்களின் போன்கள் குவியும் என்பதால், மாற்றாக இன்னொரு சேனலையும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

பழைய_சர்க்யூட்:
இன்னொன்று: சில விநாடிகள் பாக்கெட் வராவிட்டால் இரு ஷட்டர்களையும் திறந்த நிலையில் விட்டுவிடும்படி நிரல் எழுதுங்கள். மூடிய நிலையில் நிறுத்திவிட்டால், அணிந்திருப்பவருக்குக் கண்ணே தெரியாது; எல்சிடி செல்லின் மீது டிசி (ஒரே திசை) மின்னழுத்தம் நீடிப்பதால் திரவப் படிகமும் கெடும்.