சிங்கப்பூரின் பழைய 50 காசும் புதிய ஒரு வெள்ளியும்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

தேக்கா மளிகைக் கடை:
நான் கல்லாவில் உட்காரும் ஆள். வயதானவர்கள் பலர் காசைப் பார்த்து எடுப்பதில்லை, பைக்குள் விரலால் தடவித்தான் எடுக்கிறார்கள். அப்படி எடுக்கும்போது 50 காசு என்று நினைத்து ஒரு வெள்ளியை, அதாவது ஒரு டாலர் காசை, நீட்டிவிடுகிறார்கள். திருப்பிக் கொடுத்தால் சங்கடப்படுகிறார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை.

1985இல் தொடங்கிய இரண்டாம் நாணய வரிசையில் 50 காசு 24.66 மில்லிமீட்டர் அகலம், 7.29 கிராம் எடை. நித்தியகல்யாணிப் பூ போட்ட மஞ்சள் ஒரு வெள்ளியோ 22.40 மி.மீ., 6.30 கிராம்தான். பாதி மதிப்புக் காசு முழு வெள்ளியைவிடப் பெரிது! 2013 ஜூனில் வந்த மூன்றாம் வரிசையில் வெள்ளியைப் பெரிதாக்கினார்கள்: 24.65 மி.மீ., 7.62 கிராம். அகலத்தில் அப்படியே பழைய 50 காசு. புதிய 50 காசு 23 மி.மீ., அது பழைய வெள்ளிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இரண்டு வரிசையும் இன்றும் செல்லும். இத்தனை வருடம் பழகிய விரல் வேறு என்ன செய்யும்?

ஈசூன் வாசி:
உண்மைதான் அண்ணே. எங்கள் அம்மாவுக்குப் பார்வை ரொம்பக் குறைவு. ஆனால் புதிய வரிசையை நான் குறை சொல்ல மாட்டேன். 5 காசு 16.75 மி.மீ.இல் தொடங்கி, மதிப்பு ஏற ஏற அளவும் ஏறுகிறது. 5 காசின் விளிம்பு வழுவழுப்பு, 50 காசின் விளிம்பில் அலை அலையாக வெட்டு. நகம் வைத்தாலே தெரியும். பழசும் புதுசும் கலப்பதுதான் தொல்லை. அம்மாவின் பணப்பையில் இப்போது புதுசு மட்டும்தான் வைக்கிறோம். கோப்பிக் கடையில் அவரே எண்ணிக் கொடுக்கிறார்.

ஜூரோங் அப்பா:
எடை விஷயத்தில் என் அனுபவம். மகளின் உண்டியலை உடைத்து, ஒவ்வொன்றாக எண்ணச் சோம்பல்பட்டு, சமையல் தராசில் வைத்தோம். புதிய காசில் பத்து வெள்ளி என்றால், 5 காசாக 340 கிராம், 10 காசாக 236, 20 காசாக 192.5, 50 காசாக 131.2, ஒரு வெள்ளியாக வெறும் 76.2. சின்னக் காசுதான் கனம்! மகளுக்கு நம்பவே முடியவில்லை. பழையதைத் தனியாகப் பிரித்துவிட்டு நிறுங்கள். 10 காசில் இரண்டுமே 18.5 மி.மீ., ஆனால் பழையது 2.60 கிராம், புதியது 2.36. நூறு பழைய காசைப் புதியதென்று நிறுத்தால் கணக்கில் ஏறக்குறைய ஒரு வெள்ளி கூடிவிடும்.

தேக்கா மளிகைக் கடை:
ஈசூன் தங்கச்சி சொன்ன வழி நல்ல வழி. கடைக்காரர்களுக்கு அதையேதான் சொல்வேன். எங்கள் கல்லாவுக்கு வரும் பழைய 50 காசையும் பழைய வெள்ளியையும் தனி டின்னில் போட்டு வங்கியில் கட்டிவிடுகிறோம். மீதிச் சில்லறையாக யாருக்கும் கொடுப்பதில்லை. வயதானவர் கையில் வெள்ளியை வைக்கும்போது, "இது வெள்ளி, சுற்றி மஞ்சள், நடுவில் வெள்ளை" என்று வாய்விட்டுச் சொல்லியும் விடுகிறோம். மற்ற கடைகளில் என்ன செய்கிறீர்கள்? சொல்லுங்கள்.