நூவான்ஸ் என்று எழுதி மாட்டிக்கொண்ட கதை

குன்னூரிலிருந்து:

புதிதாக ஓர் ஆங்கிலச் சொல் கிடைத்தால் அதை எங்கேயாவது போட்டுப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. போன வருடம் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது ‘நூவான்ஸ்’. ஒன்றுபோலவே தெரிகிற இரண்டுக்கு நடுவே இருக்கும் மெல்லிய வேறுபாட்டுக்கு அப்படிப் பெயர். மெயிலில் போட்டேன், வாட்ஸ்அப்பில் போட்டேன், மெல்லிய என்ற பொருளில் ‘சட்டில்’ சேர்த்து ‘சட்டில் நூவான்ஸ்’ என்று அலங்காரம் வேறு.

வீட்டு மாடியில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். இங்கிலாந்திலிருந்து வயதான தம்பதி வருவதாக இருந்தது. ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள், குரங்கு நியூசன்ஸ் உண்டு என்று செய்தி அனுப்பினேன். அனுப்பியதாக நினைத்தேன். நாம் நாள் முழுக்கச் சொல்கிற அந்த நியூசன்ஸை என் போன் நூவான்ஸ் ஆக்கியிருந்தது. நான் பழக்கிய பழக்கம் அப்படி. ‘ஆவலாக இருக்கிறோம்’ என்று பதில் வந்தது. நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை தாட்டியான குரங்கு ஒன்று உள்ளே வந்து ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு, போகிற போக்கில் சர்க்கரை டப்பாவையும் கவிழ்த்துவிட்டுப் போனது. பெரியவர் தரையில் கிடந்த சர்க்கரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இதில் நூவான்ஸ் ஒன்றும் தெரியவில்லையே” என்றார். அப்போதுதான் போனை எடுத்துப் பார்த்தேன். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்புறம் டீ குடித்துக்கொண்டே அவரே பேச்சை எடுத்தார். அந்தச் சொல் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்ததாம். பிரெஞ்சில் நிறத்தின் சாயலைக் குறிக்கும். அதற்கு வேர் மேகம். மேகத்தில் வெள்ளை எங்கே முடிகிறது, சாம்பல் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதே, அதுதான் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளையாக ஏறிவந்து எதிர்ச்சரிவுத் தேயிலையை மூடியது. ‘மிஸ்ட்’ என்றேன். ‘ஃபாக்’ என்றார். ஒரு கிலோமீட்டர் தூரம்கூடப் பார்வை எட்டாவிட்டால் வானிலைக்காரர்களுக்கு அது ஃபாக், அதைத் தாண்டித் தெரிந்தால் மிஸ்ட். உள்ளேயிருந்து என் மனைவி, “மேகம் இறங்கிடுச்சு, துணியை எடுங்க” என்றாள்.

‘சட்டில்’ வேண்டாம் என்றும் சொன்னார். மெல்லியது என்ற பொருள் நூவான்ஸுக்குள்ளேயே இருக்கிறது. நாம் ‘கேட் வாசல்’ என்பது போல. டீக்கும் காபிக்கும் நடுவே இருப்பது நூவான்ஸ் ஆகாது. ஒரே தோட்டத்து இரண்டு டீக்கு நடுவே இருந்தால் ஆகும். அவர் வீட்டுப் பேச்சில் அந்தச் சொல்லே அதிகம் வராதாம். ‘அதில் இன்னும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது’ என்பார்களாம், அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

கோத்தகிரியிலிருந்து:

ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். குன்னூரில் 1963 முதல் தேயிலை ஏலம் நடக்கிறது. அங்கே என்ன விலை போனது என்பதைப் பார்த்துத்தான் எங்கள் கொழுந்துக்கும் கணக்கு. ஒருநாள் காலேஜ் விடுமுறையில் வந்த பையன் ஏல அறிக்கையைப் படித்துவிட்டு, “அப்பா, மார்க்கெட் ஈஸியர்னு போட்டிருக்கு, நல்லா இருக்குப்பா” என்றான். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட வரும் என்று மனசுக்குள் உரக்கடை பாக்கியைக் கட்டி முடித்துவிட்டேன். ஃபேக்டரிக்குப் போனால் விலை இறங்கியிருக்கிறது. ஏலக்காரர்கள் பாஷையில் ஈஸியர் என்றால் விலை தளர்ந்தது. சுலபம்தான், வாங்குகிறவனுக்கு! ஏறினால் ‘டியரர்’ என்பார்கள். அதைப் பையன் ‘அன்பானது’ என்று மொழிபெயர்த்தான். அந்த வாரம் அறிக்கையில் அன்பு எதுவும் இல்லை.

டீ ருசி பார்க்கிறவர்கள் இன்னொரு உலகம். 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறவேண்டும். கரண்டியில் எடுத்து ‘சர்ர்ர்’ என்று உறிஞ்சித் துப்பிவிட்டு ஒரே ஒரு சொல் சொல்வார்கள். ‘பிரிஸ்க்’ என்றால் டீயில் உயிர் இருக்கிறது, நாக்கில் சுருக்கென்று பிடிக்கிறது. ‘ஃபிளாட்’ என்றால் செத்த டீ. இலையை உலர்த்தும்போது சூடு கூடிப்போனால் ‘பேக்கி’. ஒருவர் அடுத்தடுத்து நாற்பது கோப்பைக்கு இப்படிச் சொல்லிக்கொண்டே போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எனக்கு நாற்பதும் டீ.

கொடைக்கானலிலிருந்து:

எங்கள் வாசலில் ‘ஹோம்லி ஃபுட்’ என்று போர்டு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண்மணி அடுப்படிக்கே வந்து உட்கார்ந்து என் மனைவியோடு வெங்காயம் உரித்தார். பாராட்ட வேண்டும் என்று, “நீங்கள் ரொம்ப ஹோம்லி மேடம்” என்றேன். சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. “ஏங்க, அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?” என்றாள் மனைவி.

நம் ஊர் கல்யாண விளம்பரத்தில் ஹோம்லி என்றால் குடும்பப் பாங்கான பெண். இங்கிலாந்தில் வீட்டைப் போல இதமானது. அமெரிக்காவிலோ, முகத்தில் அழகில்லை என்று நாசூக்காகச் சொல்வது! மறுநாள் செய்தித்தாளில் மணமகள் தேவை பத்தியை எடுத்து, எத்தனை ஹோம்லி இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாக எண்ணி எண்ணிச் சிரித்ததில்தான் எனக்கு மூச்சு வந்தது.

ஊட்டியிலிருந்து:

எனக்கு இது தமிழிலேயே நடக்கிறது. டிசம்பரில் பனி விழுமா என்று சமவெளியிலிருந்து போன் வரும். விழும் என்பேன். ஸ்னோ என்று எண்ணிக் குழந்தைகளுக்குக் கையுறை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இங்கே விழுவது முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. விடியற்காலையில் புல்லில் உப்புத் தூவினாற்போல் இருக்கும், வெயில் பட்டதும் காணாமல் போகும். எட்டு மணிக்கு எழுந்து வந்து ‘எங்கே சார் பனி’ என்று கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?

மறுபடியும் குன்னூரிலிருந்து:

கொடைக்கானல் நண்பரே, போர்டை மாற்றிவிடாதீர்கள். நான் மாற்றியது ஒன்றுதான். குரங்கு ரொட்டியைத் திருடும், ஜன்னலைச் சாத்துங்கள் என்று இப்போது நேராகவே எழுதி அனுப்புகிறேன். நி என்று தட்டினாலே நூவான்ஸ்தான் இன்னமும் முதலில் வந்து நிற்கிறது.