கேனோவில் போனால் விரல் மரத்துப்போகிறது, நீங்கள் என்ன போட்டுக்கொள்கிறீர்கள்?

எமரால்டு_ஆறரை:

ஊட்டிக்குப் பக்கத்தில் எமரால்டு என்கிற ஊர்ப் பக்கம் எஸ்டேட்டில் வேலை. உள்ளேயே ஒரு பெரிய குளம், அதில் ஒரு பைபர் கேனோ, ஒற்றைத் துடுப்பால் வலிக்கிற ஒல்லியான படகு. ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் இறங்கிவிடுவேன். டிசம்பர் பாதி வரை ஒன்றும் தெரியவில்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் உறைபனி. கரைப் புல் முழுக்க உப்பைக் கொட்டின மாதிரி வெள்ளை. பனியன் துணி கிளவுஸ் போட்டுப் போனேன், பத்து நிமிடத்தில் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. கழற்றிப் போட்டு வெறுங்கையோடு வலித்தேன். கரை சேரும்போது இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. லைஃப் ஜாக்கெட் கொக்கியைப் பல்லால் இழுத்தேன். பைக் சாவி துளையில் நுழையவே இல்லை. வாட்ச்மேன் அண்ணன்தான் வந்து போட்டுக்கொடுத்தார், சிரித்துக்கொண்டே.

மூவாயிரம் ரூபாய்க்குப் பனிச்சறுக்கு கிளவுஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

கோடை_கிழவன்:

தம்பி, அந்தக் காசை வைத்துக்கொள். பனிச்சறுக்கு கிளவுஸ் தடி தடியாக இருக்கும், துடுப்பு பிடிபடாது. உள்ளே தண்ணீர் போய்விட்டால் அன்றைக்குக் காயவும் காயாது.

கொடைக்கானல் ஏரியில் முப்பது வருடமாகப் படகு வலிக்கிறேன். 1863-ல் லெவிஞ்ச் துரை அணை கட்டி உண்டாக்கிய ஏரி, நட்சத்திரம் மாதிரி கிளை கிளையாகப் பிரிந்து கிடக்கும். மரம் அடைந்த கிளைக்குள் வெயில் எட்டிப்பார்க்கவே நேரமாகும். அங்கே நான் போடுவது, மெல்லிசான கம்பளி கிளவுஸ், அதன்மேல் பாத்திரம் கழுவுகிற ரப்பர் கிளவுஸ். ஒரு சைஸ் பெரிதாக வாங்கு. இறுக்கமாகப் போட்டால் ரத்தம் ஓடாது, போட்டும் பிரயோஜனமில்லை. ரப்பரின் வாயை ஒரு அங்குலம் வெளிப்பக்கமாக மடித்துவிடு. கையைத் தூக்கும்போது வழிகிற தண்ணீர் அந்த மடிப்பில் நிற்கும், சட்டைக் கைக்குள் ஓடாது.

பருத்தி ஆகவே ஆகாது. நனைந்தால் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் காப்பாற்றும். ரப்பருக்குள் வேர்க்கும் என்பதால் இன்னொரு ஜோடி கம்பளியைச் சட்டைக்குள் வைத்துக்கொள். பழைய சாக்ஸின் கணுக்கால் பகுதியை வெட்டி மணிக்கட்டில் மாட்டு. குல்லாவும் மப்ளரும் கட்டாயம், உடம்பு குளிர்ந்தால் முதலில் விரலுக்குப் போகிற ரத்தத்தைத்தான் குறைக்கும்.

மரத்த கையைக் கணப்பில் காட்டாதே. சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அக்குளில் வைத்துக்கொள்.

டொரண்டோ_குன்னூர்க்காரி:

ஐயா சொன்ன ரப்பர் யோசனையை இங்கேயும் செய்கிறார்கள். காசு செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் மெல்லிய நீயோப்ரீன் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) கிளவுஸ் வாங்குங்கள். இன்னொன்று இருக்கிறது, பெயர் போகி. பழையதைக் கொளுத்துகிற நம் போகி இல்லை. துடுப்புக் காம்பிலேயே மாட்டுகிற உறை, அதற்குள் கையை விட்டு வெறுங்கையால் பிடிக்கலாம். இரண்டு முனையிலும் தட்டுள்ள துடுப்பால் வலிக்கிற கயாக் படகுக்கு அருமை. கேனோவில் பக்கம் மாற்றும்போதெல்லாம் கையை உருவ வேண்டும், எனக்கு எரிச்சல்தான் வந்தது.

உங்களுக்கு இடது கை மட்டும் மரத்தது ஏன் தெரியுமா? இடது பக்கம் வலித்தால் கீழ்க்கை அதுதான், தண்ணீருக்குப் பக்கத்திலேயே இருக்கும். அதற்காகப் பக்கம் மாற்றிக்கொண்டே இருந்தாலும் துடுப்பு தலைக்கு மேலே வந்து மடியெல்லாம் சொட்டும். ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பை வெளிப்பக்கம் லேசாகத் திருப்பித் தள்ளுகிற ஜே வலிப்பைப் பழகினால் ஒரே பக்கமாக நேராகப் போகலாம். பாதி வழியில் ஒரே ஒரு தடவை மாற்றினால் போதும். காம்பையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

அது சரி, தனியாகவா போகிறீர்கள்? கவிழ்ந்தால் பிடித்து ஏறவேண்டிய கைதான் முதலில் செயலிழக்கும்.

எமரால்டு_ஆறரை:

தனியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். இந்த ஞாயிறு சிரித்த அண்ணனையே கரையில் உட்காரவைத்துவிட்டுப் போனேன். ரப்பர் கிளவுஸ், உள்ளே ஊட்டி திபெத்தியர் கடையில் வாங்கின கம்பளி. முக்கால் மணி நேரம், விரல் பத்தும் இருந்தது! சாவியை நானே போட்டேன். ஜே வலிப்புதான் வரவில்லை, கேனோ வட்டம் போடுகிறது. கிளவுஸ் எங்கள் வீட்டு சிங்க்கில் இருந்தது. வீட்டில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.