குடியை விட்டபின் வரும் மனச்சோர்வு: எதுவரை பொறுப்பது, எப்போது மருந்து?

கரையோரம்:
அண்ணன் குடியை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. மருத்துவமனையில் சேர்த்துத்தான் நிறுத்தினோம். கைநடுக்கம், வியர்வை எல்லாம் முதல் வாரத்திலேயே அடங்கிவிட்டன. ஆள்தான் தெளியவில்லை. எதிலும் பிடிப்பில்லை, விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு, சாப்பாடு பாதிதான். "குடிச்சப்பவே நல்லா இருந்தேன்" என்கிறார். வீட்டில் சிலர் "குடியை விட்டா அப்படித்தான், தானா சரியாகும்" என்கிறார்கள். குடிக்கும் வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன் மாத்திரை தினம் 50 மி.கி. எடுக்கிறார். கூடவே மனச்சோர்வுக்கும் மாத்திரை எடுக்கலாமா?

நூல்கண்டு:
வீட்டில் சொல்வது பாதி சரி. ஆனால் அதற்கான கெடு முடிந்துவிட்டது. நிறுத்திய முதல் இரண்டு மூன்று வாரத்தில் வரும் சோர்வுக்குப் பெரும்பாலும் மதுவே காரணம், நாள் போகப் போகக் குறையும். நான்கு வாரம் தாண்டியும் அப்படியே நின்றால் அதைத் தனி நோயாகத்தான் பார்க்க வேண்டும். குடிப்பழக்கம் வருவதற்கு முன்பே இந்தச் சோர்வு இருந்திருந்தால் அந்த நான்கு வாரம்கூடக் காத்திருக்கத் தேவையில்லை.

உள்ளே நடப்பது இதுதான். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது, கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டை அடக்குகிறது. வருடக்கணக்கில் இப்படிப் போனால் மூளை எதிர்ப்பக்கம் சாய்ந்து ஈடுகட்டிக்கொள்ளும். மதுவை எடுத்துவிட்டால் அந்தச் சாய்வு மட்டும் மிஞ்சும். பதற்றமும் தூக்கமின்மையும் அதனால்தான். ஆர்வத்தையும் இன்பத்தையும் தூண்டும் டோபமைன் மந்தமாகிவிடுவதால் பிடித்த பாட்டு, பிள்ளைகளின் பேச்சு எதுவும் ருசிக்காது. "குடிச்சப்பவே நல்லா இருந்தேன்" என்பது அங்கிருந்து வரும் பேச்சு. நன்றிகெட்டதனம் என்று நினைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். மன உறுதி இல்லை என்ற பேச்சும் வேண்டாம், அதில் ஒரு பயனும் இல்லை.

பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை அவரையே நிரப்பச் சொல்லுங்கள். கடந்த இரண்டு வாரத்தை நினைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் அந்தத் தாளோடு மனநல மருத்துவரிடம் போங்கள். ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணம். அதில் 1 வந்தாலே, மொத்தம் எவ்வளவு என்று பார்க்காமல் உடனே காட்டுங்கள்.

மருந்துச்சீட்டு:
சேர்த்து எடுக்கலாம். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் நால்ட்ரெக்சோனும் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் சேர்த்து எடுத்தவர்களில், ஒன்றை மட்டும் எடுத்தவர்களைவிட அதிகம் பேர் குடிக்காமல் இருந்தார்கள். மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் குடி நிற்காது, இரண்டுக்கும் தனித்தனி மருத்துவம் வேண்டும்.

ஆனால் மாத்திரைக்கு முன் சில ரத்தப் பரிசோதனைகள்: தைராய்டு, ஹீமோகுளோபின், பி12, லிவர். தைராய்டு குறைந்தாலும் ரத்தசோகை இருந்தாலும் ஆள் இதே மாதிரிதான் சோர்ந்து கிடப்பார். தயாமின் (வைட்டமின் பி1) மாத்திரையை நிறுத்திவிட்டார்களா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று, நால்ட்ரெக்சோனே சிலருக்கு மனதைத் தாழ்த்தும். அதைத் தொடங்கிய பிறகு சோர்வு கூடியதா என்பதைத் தேதியோடு சொல்லுங்கள். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். நால்ட்ரெக்சோன் எடுப்பவருக்கு டிரமடால், கோடீன் வகை வலி மருந்து வேலை செய்யாது. அடிபட்டு எங்கே போனாலும் முதலில் சொல்லவேண்டியது அதுதான்.

செர்ட்ராலின் வகைக்கு முதல் வாரம் குமட்டல், படபடப்பு இருக்கும். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பத்தாம் நாள் "ஒண்ணும் கேக்கல" என்று தூக்கிப்போடுவதுதான் அதிகம் நடக்கிற தவறு. குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரவேண்டும். நிறுத்தும்போது படிப்படியாகத்தான்.

கரையோரம்:
தூக்கத்துக்கு வீட்டில் பழைய அல்பிரசோலம் இருக்கிறது. ஒன்று கொடுக்கலாமா?

மருந்துச்சீட்டு:
வேண்டாம். மது தொடுகிற அதே காபாவைத்தான் அதுவும் தொடுகிறது. ஒரு பழக்கம் போய் இன்னொன்று வந்து உட்காரும். அதன் மேல் குடித்தால் மூச்சே அடங்கலாம்.

அகல்விளக்கு:
தூக்கத்துக்கு எழும் நேரத்தைப் பிடியுங்கள், படுக்கும் நேரத்தை அல்ல. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் தினம் ஒரே நேரத்தில் எழவேண்டும். இருபது நிமிடம் புரண்டும் வரவில்லை என்றால் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்து, கண் சொருகும்போது திரும்பலாம். மதியத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். தூக்கம் சீராக மாதங்கள்கூட ஆகலாம் என்று அவருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் இதுவே குடிக்கச் சாக்காகிவிடும்.

பகலில், மனம் வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் மனம் வராது. முதலில் செய்யவேண்டும். பத்து நிமிட நடை, ஒரு குளியல், ஒருவருக்குப் போன் என்று நாளைக்கு மூன்று சின்ன வேலை, நேரம் குறித்து. செய்வதற்கு முன்னும் பின்னும் மனநிலைக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். 2 என்பது 3 ஆனாலே போதும். அடுத்த வாரம் எதைக் கூட்டுவது என்று அந்தத் தாளே காட்டும்.

வழக்கமாகக் குடிக்கும் அந்த மாலை நேரத்தைக் காலியாக விடாதீர்கள். குடிக்கும் வேட்கை பெரும்பாலும் அரை மணிக்குள் ஏறி இறங்கிவிடும். பசியோடு இருந்தால் கூடலாம், அதனால் ஐந்து மணிக்கே ஏதாவது சாப்பிடக் கொடுங்கள்.

கரையோரம்:
நடுவில் ஒருநாள் குடித்துவிட்டால் மாத்திரைகளை நிறுத்தணுமா?

நூல்கண்டு:
நீங்களாக நிறுத்தக்கூடாது. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். டைசல்பிராம் மட்டும் விதிவிலக்கு, அதோடு மது சேர்ந்தால் உடனே மருத்துவமனை. தொடர்ந்து பல நாள் குடித்திருந்தால் வீட்டிலேயே சட்டென்று நிறுத்த வைக்காதீர்கள், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம்.

குடித்த மறுநாள்தான் குற்றவுணர்ச்சி உச்சத்தில் இருக்கும். அன்றைக்குத் தனியே விடாதீர்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றே அவசரப் பிரிவு. மாத்திரைகள் உங்கள் பூட்டில் இருக்கட்டும், ஒரு நாளைக்கு உள்ளதை மட்டும் கையில் கொடுங்கள்.